கிரீச் சத்தத்தை அடக்கும் உரிமை: டிஸ்க் பிரேக் காப்புரிமை வழக்குகளில் முடிச்சு விழும் இடங்கள்

டிஸ்க் பிரேக்கும் அதன் சத்தமும் ஒன்றாகவே பிறந்தவை. 1902இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் கார்களுக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை இரண்டு தாடைகள் கவ்விப் பிடிக்கும்; தாடையின் உட்புறம் செம்பு. உலோகத்தில் உலோகம் உரசி எழுந்த அலறலைத் தாங்க முடியவில்லை. ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் சில ஆண்டுகள் கழித்துக் கல்நார் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த அலறல் ஓரளவு அடங்கியது. ஓரளவுதான். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் பிரேக் சத்தத்தைக் குறைக்கக் காப்புரிமை விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. உலகக் காப்புரிமை அலுவலகங்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டில் எஃப்16டி 65/0006 என்ற எண் பிரேக்கின் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்தத் துறையில் விண்ணப்பம் எழுதுகிறவர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய அடுக்கு அதுதான்.

இந்தக் காப்புரிமைகள் வழக்காகும்போது சிக்குவதற்குக் காரணம் சத்தத்தின் இயல்பு. எந்த உறுப்பு, எந்த அளவு, எந்த இடம், எப்படி அளந்தாய் என்று சட்டம் கேட்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் டிஸ்க்கை அழுத்தும் உராய்வுக் கட்டையான பேட் தேய்ந்திருக்கும் அளவையும் பொறுத்தது என்று பிரேக் பதில் சொல்லும். இந்த இடைவெளிக்குள்தான் பெரும்பாலான சண்டைகள் நடக்கின்றன. ஆகவே சத்தம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பிரேக்கின் சத்தம் ஒரே வகை அல்ல. ஸ்டியரிங்கும் பெடலும் உதறும் நடுக்கம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. டிஸ்க்கின் தடிமன் சுற்றுக்குச் சுற்று மாறுவதால் வருவது. 10, 15 மைக்ரான் வித்தியாசமே போதும். சிக்னலில் ஆட்டோமேட்டிக் கார் மெல்ல நகரும்போது வரும் முனகல் சில நூறு ஹெர்ட்ஸ். தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கும் கிரீச் சத்தம் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸில் தொடங்கி 16,000 வரை போகும். அதிலும் 3,000க்குக் கீழுள்ள கிரீச்சுக்கும் மேலுள்ள கிரீச்சுக்கும் காரணமும் மருந்தும் வேறு. ‘பிரேக் சத்தத்தைக் குறைக்கும் அமைப்பு’ என்று பொதுவாக எழுதும் விண்ணப்பம் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்து இழுக்கும் முதல் நூல்முனை இதுதான்.

பேட் டிஸ்க்கில் ஒட்டி வழுக்கி, ஒட்டி வழுக்கி நகர்வதுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். உராய்வின் அளவு மாறாமல் இருந்தாலும் கிரீச் வரும் என்பது பிறகு தெரிந்தது. டிஸ்க்குக்குத் தட்டினால் மணிபோல ஒலிக்கும் இயல்பு அதிர்வெண்கள் பல உண்டு. பேட், பேடைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும் இரண்டு அதிர்வு வடிவங்களை உராய்வு விசை இணைத்துவிட்டால், சக்கரம் சுழலும் ஆற்றலில் ஒரு சிறு பங்கு அதிர்வுக்குள் பாய்கிறது. அதிர்வு தானே தன்னை வளர்த்துக்கொள்கிறது. இதனால்தான் கிரீச் சத்தம் பிடித்து நிறுத்தும்போது வருவதைவிட லேசாக, மெதுவாக பிரேக் மிதிக்கும்போது அதிகம் வருகிறது. ஈரமான காலையில் முதல் சில முறை மட்டும் அலறிவிட்டு அடங்குவதும் இதே கணக்குதான்: அப்போது உராய்வுக் குணகம் உயர்ந்திருக்கும்.

இன்னொரு உண்மையும் உண்டு. காப்புரிமை எழுதுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. இணையும் இரண்டு அதிர்வுகளில் ஒன்றுக்கு மட்டும் தணிப்பு (அதிர்வின் ஆற்றலை உறிஞ்சி அடக்குவது) கூட்டினால் சில சமயம் சத்தம் அதிகமாகும். ‘தணிப்பு கூடக்கூடச் சத்தம் குறையும்’ என்று காப்புரிமையின் விளக்கப் பகுதியான விவரணையில் ஒரு வரி எழுதிவைத்திருந்தால், அந்த வரியையே எதிரியின் நிபுணர் பரிசோதனை மேடையில் பொய்யாக்கிக் காட்டலாம்.

இதற்கான மருந்துகள் பிரேக் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தவையே. பேடின் முதுகுத் தகட்டுக்கும் அதை அழுத்தும் பிஸ்டனுக்கும் நடுவே ஷிம் வைப்பார்கள். எளிய ஷிம் என்பது இருபுறமும் மெல்லிய ரப்பர் பூசிய எஃகுத் தகடு. மொத்தத் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள். இன்னொரு வகையில் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே பாகுமீள் (பாகுபோலவும் ரப்பர்போலவும் நடந்துகொள்ளும்) பசைப்படலம் இருக்கும். முதுகுத் தகடு வளையும்போது நடுப் படலம் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். பேடின் முன், பின் விளிம்புகளைச் சரிவாகச் சீவுவார்கள். நடுவில் ஒரு பள்ளம் வெட்டி அது வளையும் அதிர்வெண்ணை மாற்றுவார்கள். ஷிம்மில் பிறை வடிவத் துண்டை வெட்டியெடுத்து, பிஸ்டன் அழுத்தும் மையத்தைச் சில மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். டிஸ்க்குக்குக் கரியின் அளவு கூடிய சாம்பல்நிற வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுப்பார்கள். அதிலுள்ள கிராஃபைட் இழைகள் அதிர்வை உறிஞ்சும். டிஸ்க்கின் உள்ளே காற்றுக்காக விடும் துடுப்புகளின் எண்ணிக்கையை மாற்றுவார்கள். பிராக்கெட்டில் ஒரு எடைக்கட்டியைத் திருகிவைப்பதும் உண்டு.

இவை ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதமும் வேறு. பசையால் ஒட்டிய ஷிம் மலையிறக்கத்தில் சூடேறினால் நகரும். ஓரம் டிஸ்க்கில் உரசினால் புதிதாக ஒரு சத்தம் பிறக்கும். பாகுமீள் படலம் ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள்தான் நன்றாக வேலை செய்யும். குளிரில் விறைத்துப்போகும், சூட்டில் வழுக்கிப்போகும். விளிம்புச் சரிவு பேட் தேயத்தேயச் சிறுத்து, பாதி ஆயுளில் காணாமல் போய்விடும். புதிய பேடில் ஒரு காப்புரிமைக்குள் அடங்கும் பொருள், 20,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு அடங்காமல் போகலாம். கோரிக்கையில் ‘தேயாத நிலையில்’ என்ற இரண்டு சொல் இருக்கிறதா இல்லையா என்பது அப்போது பெரிய கேள்வியாகிவிடும்.

இங்கே கோரிக்கை என்பது காப்புரிமையின் கடைசியில் எண்ணிட்டு வரும் வாக்கியங்கள். நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போன்றது அது. விவரணையில் எவ்வளவு விளக்கியிருந்தாலும் எல்லை இந்த வாக்கியங்களில் இருப்பதுதான். ஒரு கற்பனைக் கோரிக்கையை எடுத்துக்கொள்வோம்: ‘முதுகுத் தகடு; அதில் ஒட்டிய 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் எஃகுத் தகடு. அதன் இருபுறமும் ரப்பர் படலம். பிஸ்டனின் விளிம்புக்கு நேராக ஒரு திறப்பு’. இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் நேரடி மீறல் இல்லை. போட்டியாளர் ரப்பரை ஒரு பக்கம் மட்டும் பூசினால் எல்லைக்கு வெளியே வந்துவிடுகிறார். சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும் அதே வேலையை அதே வழியில் செய்தால் மீறலே என்னும் ‘சமமான மாற்று’ கோட்பாட்டைச் சொல்லி அவரை உள்ளே இழுக்கப் பார்க்கலாம். ஆனால் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தபோது, பழைய ஷிம்மிலிருந்து வேறுபடுத்திக்காட்ட ‘இருபுறமும்’ என்ற சொல்லைச் சேர்த்திருந்தால், விட்டுக்கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்பது மிகக் கடினம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் ஃபெஸ்டோ வழக்கில் நிலைநிறுத்திய விதி இது.

புதுமையைப் பற்றிய சண்டையில் பழைய பொருள்தான் பெரிய எதிரி. விளிம்பைச் சீவிய பேட் சந்தையில் வெகுகாலமாக இருக்கிறது. தூசி வெளியேறவும் புதிய பேட் டிஸ்க்கில் சீராகப் படியவும் அப்படிச் செய்ததாகப் பழைய ஆவணம் சொல்லும். அதே சரிவு 7,000 ஹெர்ட்ஸ் கிரீச்சை அடக்குகிறது என்று ஒருவர் இன்று கண்டுபிடிக்கிறார். கண்டுபிடிப்பு உண்மையானது, உழைப்பும் உண்மையானது. ஆனாலும் பொருள் பழையது. 1985இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் டைட்டானியம் மெட்டல்ஸ் வழக்கில் இதைத் தெளிவாக்கியது: ரஷ்யக் கட்டுரையொன்றில் ஏற்கெனவே இருந்த உலோகக் கலவைக்கு அரிப்பைத் தாங்கும் குணம் உண்டு என்று பின்னால் கண்டறிந்தாலும், அந்தக் கலவைக்கே புதிதாகக் காப்புரிமை கிடையாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை மருந்து வழக்குகளோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். தெரிந்த இயந்திரத்தையோ கருவியையோ வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பாகாது என்று சொல்வதும் அதே பிரிவுதான். தெரிந்த உறுப்புகள் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருக்க, அவற்றை இடம் மாற்றி அடுக்குவது கண்டுபிடிப்பல்ல என்கிறது 3(எஃப்). ஷிம்மும் பள்ளமும் எடைக்கட்டியும் சேர்ந்த ‘புதிய தொகுப்பு’ என்று வரும் விண்ணப்பம் அந்தப் பிரிவில்தான் இடறும். மூன்றும் ஒன்றையொன்று பாதித்து, தனித்தனியே தராத பலனைச் சேர்ந்து தருகின்றன என்று அளவீட்டோடு காட்டினால் மட்டுமே தாண்டலாம்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு இன்றைய அளவுகோலைத் தந்த வழக்கும் வாகனப் பெடலைப் பற்றியதே. ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப நகரும் பெடலின் நிலையான அச்சில் மின்னணு உணரியைப் பொருத்தியதற்கு டெலிஃபிளெக்ஸ் நிறுவனம் உரிமை கோரியது. 2007 ஏப்ரல் 30 அன்று, கேஎஸ்ஆர் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் கோரிக்கை செல்லாது என்றது: தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த வழியில் சேர்த்து எதிர்பார்த்த பலன் கிடைத்தால், தொழில் தெரிந்தவருக்கு அது வெளிப்படையானதே. பிரேக் சத்தத்தில் இந்தத் தீர்ப்பின் கத்தி இருபுறமும் வெட்டும். மருந்துகள் எல்லாம் தெரிந்தவை என்பதால் வெளிப்படை என்று வாதிடுவது எளிது. எந்த மருந்து எந்தப் பிரேக்கில் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், பலன் எதிர்பார்த்ததல்ல என்று பதில் சொல்வதும் எளிது. பதில் சொல்கிறவர் கையில் பரிசோதனை ஏடுகள் இருந்தால்தான் அது எடுபடும். தோல்வியடைந்த மாதிரிகளின் பதிவையும் தூக்கிப்போடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். எட்டு வடிவங்கள் அலறின, ஒன்பதாவது அடங்கியது என்ற பதிவு, ஒன்பதாவது மட்டும் உள்ள பதிவைவிட நூறு மடங்கு வலுவானது.

சத்தக் காப்புரிமைகளுக்கு நேரடியாகவே பாடமான வழக்கு அமெரிக்கன் ஆக்சில் எதிர் நியாப்கோ. அது பிரேக்கைப் பற்றியதல்ல. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குத் திருகுவிசையைக் கொண்டுபோகும் உள்ளீடற்ற புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பற்றியது. ஆனால் பிரச்சினை அச்சு அசலாக இதே பிரச்சினை: வாகன உறுப்பொன்று அதிர்கிறது, சத்தம் வருகிறது, தணிப்பான் வைத்து அடக்க வேண்டும்.

ஷாஃப்ட் மூன்று விதமாக அதிரும். வில்போல வளையும், முறுக்கிக்கொள்ளும், குழாயின் சுவர் நசுங்கி விரிவதுபோல உப்பும். குழாய்க்குள் அட்டையாலோ வேறு பொருளாலோ ஆன லைனரைச் செருகி ஒரு வகை அதிர்வைக் குறைப்பது பழைய வழக்கம். அமெரிக்கன் ஆக்சில் பெற்ற 7,774,911 எண் காப்புரிமை, ஒரே லைனர் சுவர் அதிர்வையும் வளைவு அதிர்வையும் சேர்த்தே அடக்கும்படி அதன் நிறையையும் விறைப்பையும் இசைவித்துச் செருகும் முறைக்கு உரிமை கேட்டது. 1ஆம் கோரிக்கையில் எண்கள் இருந்தன: சுவர் அதிர்வைச் சுமார் 2 சதவீதமோ அதற்கு மேலோ தணிக்க வேண்டும், லைனர், வளைவின் இயல்பு அதிர்வெண்ணிலிருந்து சுமார் 20 சதவீதத்துக்குள் இசைந்திருக்க வேண்டும். 22ஆம் கோரிக்கையில் அந்த எண்கள் இல்லை: லைனரின் நிறையையும் விறைப்பையும் இசைவி, உள்ளே செருகு, இரண்டு வகை அதிர்வும் அடங்க வேண்டும். அவ்வளவே.

2015இல் டெலவேர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு. 2018இல் தீர்ப்பு: இந்தக் கோரிக்கைகள் காப்புரிமைக்கே தகுதியற்றவை, ஏனெனில் இவை இயற்கை விதியையே உரிமையாகக் கேட்கின்றன. 2019 அக்டோபரில் ஃபெடரல் சர்க்யூட் அதை உறுதிசெய்தது. 2020 ஜூலை 31இல் தன் தீர்ப்பைத் திருத்தி வெளியிட்டது. நிறையையும் விறைப்பையும் மாற்றினால் அதிர்வெண் மாறும் என்பது ஹூக் விதி. அந்த விதியைப் பயன்படுத்தி விரும்பிய பலனை அடை என்று மட்டும் சொல்லி, எப்படி அடைவது என்பதைக் கோரிக்கையில் வைக்காததால் 22ஆம் கோரிக்கை விழுந்தது. 1ஆம் கோரிக்கை மறுவிசாரணைக்குத் திரும்பியது. முழு அமர்வு கேட்க வேண்டும் என்ற மனு அதே நாளில் 6க்கு 6 என்று பிளந்து தோற்றது. உச்ச நீதிமன்றம் அமெரிக்க அரசின் கருத்தைக் கேட்டது. வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு 2022 மே மாதம் சொன்ன பிறகும், 2022 ஜூன் 30 அன்று எடுக்க மறுத்துவிட்டது.

நீதிபதி மூர் எழுதிய மறுப்புரை படிக்க வேண்டிய ஒன்று. எப்படிச் செய்வது என்று போதுமான அளவு சொல்லவில்லை என்பதுதான் குறை என்றால், அதற்குச் சட்டத்தில் செயல்படுத்தும் விளக்கம் என்ற தனி நிபந்தனை இருக்கிறது. அதைக் கொண்டு சோதிக்காமல் இயற்கை விதி என்ற பெரிய வாளை ஏன் வீச வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கள் பார்வையில் அவர் பக்கம் நியாயம் அதிகம். இரும்பும் ரப்பரும் கொண்டு கையால் தொடக்கூடிய ஷாஃப்ட் செய்யும் முறையை இயற்கை விதி என்று அழைத்தால், அதிர்வைத் தணிக்கும் எந்த உறுப்பும் தப்பாது. எல்லா அதிர்வும் நிறை, விறைப்பு, தணிப்பு என்ற மூன்றுக்குள் அடங்குவதுதானே. ஆனாலும் விண்ணப்பம் எழுதுகிறவர் நீதிமன்றம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க முடியாது. எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இதைப் பிரேக்குக்குப் பொருத்தினால் விளைவு உடனே தெரியும். ‘டிஸ்க்கின் அதிர்வெண்ணும் பேடின் அதிர்வெண்ணும் ஒன்றையொன்று நெருங்காதபடி பேடின் விறைப்பைத் தேர்ந்தெடுத்தல்’ என்று எழுதிய கோரிக்கை 22ஆம் கோரிக்கையின் உடன்பிறப்பு. தொழிலில் எல்லாரும் செய்வதும் அதைத்தான். நிற்கக்கூடிய கோரிக்கை வேறு விதமாக இருக்கும்: பள்ளம் எங்கே, எவ்வளவு அகலம், முதுகுத் தகடு வரை வெட்டியதா அதற்கு முன்பே நின்றதா, ஷிம்மின் திறப்பு பிஸ்டன் மையத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். இப்படி எழுதினால் எல்லை குறுகும். போட்டியாளர் சுற்றிக்கொண்டு போகலாம். அகலமாக எழுதினால் காப்புரிமையே விழும். ஆகவே படிப்படியாக எழுதுவதுதான் தொழில்முறை: அகலமான கோரிக்கை ஒன்று, அதைச் சார்ந்து வடிவம் சொல்வது ஒன்று, அதற்குள் அளவு சொல்வது ஒன்று, பொருள் சொல்வது ஒன்று. மேல்படி இடிந்தாலும் கீழ்ப்படியில் நிற்கலாம்.

அளவு சொல்லிவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. ஷிம்மின் தணிப்பை ‘இழப்புக் காரணி’ என்ற எண்ணால் சொல்வார்கள். அது வெப்பநிலைக்கும் அதிர்வெண்ணுக்கும் ஏற்ப மாறும். ஒட்டாத துண்டில் அளந்தால் ஒரு மதிப்பு, பேடில் ஒட்டி அளந்தால் வேறு மதிப்பு. ‘இழப்புக் காரணி 0.1க்கு மேல்’ என்று மட்டும் எழுதிய கோரிக்கை, எந்த வெப்பத்தில், எத்தனை ஹெர்ட்ஸில், எந்த முறையில் என்று சொல்லாவிட்டால் தெளிவின்மையால் விழும் ஆபத்து உண்டு. 2014இல் நாட்டிலஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழில் தெரிந்தவருக்கு எல்லை நியாயமான உறுதியோடு புரிய வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே டவ் எதிர் நோவா வழக்கில் பிளாஸ்டிக்கின் ஒரு குணத்தை அளக்கப் பல முறைகள் இருந்து, அவை வெவ்வேறு விடை தந்து, எதைப் பயன்படுத்துவது என்று காப்புரிமை சொல்லாததால் ஃபெடரல் சர்க்யூட் அதைச் செல்லாது என்றது. இழப்புக் காரணி எழுதுகிறவர் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது. ‘சத்தம் குறைகிறது’ என்பதற்கும் இதே விதி. பிரேக் தொழிலில் கிரீச்சை எண்ண, வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வெளியிட்ட ஜே2521 என்ற டைனமோமீட்டர் (பிரேக்கைச் சுழற்றிச் சோதிக்கும் மேடை) முறை பழக்கத்தில் இருக்கிறது. பிரேக்கை மூடிய அறையில் சுழற்றி, வெவ்வேறு அழுத்தத்திலும் வெப்பத்திலும் நூற்றுக்கணக்கான முறை பிடித்து, மைக்ரோஃபோனில் 70 டெசிபலைத் தாண்டிய முறைகளை எண்ணுவார்கள். விவரணையில் இந்த முறையின் பெயரும் பதிப்பும் இருந்தால் பாதிச் சண்டை வராது.

மீறலை நிரூபிப்பது தனி வேலை. கோரிக்கை வடிவத்தைச் சொன்னால், போட்டியாளரின் பேடைக் கடையில் வாங்கி, ரசீதோடு முத்திரையிட்டு, குறுக்கே வெட்டி, நுண்ணோக்கியில் படலங்களை அளந்தால் போதும். வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து வாங்க வேண்டும். ஒரே ஒரு பேடில் படலம் தடித்திருப்பது தயாரிப்புப் பிழையாக இருக்கலாம். கோரிக்கை சத்தத்தைச் சொன்னால் செலவு பல மடங்கு. அதே காலிப்பர், அதே டிஸ்க், அதே வாகனத்தில் காலிப்பர் பொருந்தும் சஸ்பென்ஷன் முட்டி வரை மேடையில் ஏற்ற வேண்டும். முட்டியை விட்டுவிட்டு காலிப்பரை மட்டும் இறுக்கிச் சோதித்தால் அதிர்வெண்களே மாறிவிடும். எதிர்த்தரப்பு நிபுணர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

தேதி விஷயத்தில் பிரேக் தொழிலுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. சத்தத்தை மேடையில் மட்டும் சோதித்து முடிக்க முடியாது. நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஓட்டமே பொதுப் பயன்பாடாகிப் புதுமையைக் கெடுக்குமா? அமெரிக்காவில் 1877இன் எலிசபெத் நகர வழக்கு இதற்குப் பழைய ஆறுதல். பாஸ்டன் சுங்கச் சாலையில் ஆறு ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணெதிரே கிடந்த மரத் தளம், கண்டுபிடித்தவரின் கண்காணிப்பில் நடந்த சோதனை என்பதால் காப்புரிமை பிழைத்தது. இந்தியச் சட்டத்தின் 32ஆம் பிரிவும், சோதனைக்கு நியாயமாகத் தேவைப்பட்டால், முன்னுரிமைத் தேதிக்கு (முதல் விண்ணப்பம் பதிவான நாளுக்கு) முந்தைய ஓராண்டுக்குள் நடந்த பொதுச் செயல்பாட்டை மன்னிக்கிறது. ஐரோப்பாவில் இந்த ஓராண்டுச் சலுகை கிடையாது. விற்பனையும் அப்படித்தான்: ஷிம் தயாரிப்பவர் கார் நிறுவனத்துக்கு ரகசிய ஒப்பந்தத்தில் விற்றாலும் அது விற்பனையே என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் ஹெல்சின் வழக்கில் சொன்னதன் பொருள். மாதிரி அனுப்பும் தேதிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருப்பதே பாதுகாப்பு.

டிஸ்க் பிரேக்குக்காகவே நடந்து, பிரேக்குக்கு வெளியிலும் பேர்பெற்ற வழக்கு கினோர்-பிரெம்ஸே எதிர் டானா. லாரிகளுக்கான காற்றழுத்த டிஸ்க் பிரேக். கினோர்-பிரெம்ஸேயின் காப்புரிமை எண் 5,927,445. வழங்கிய நாள் 1999 ஜூலை 27. ஸ்வீடனின் ஹால்டெக்ஸ் தயாரித்த மார்க் 2 பிரேக்கை டானா நிறுவனம் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. வந்தது சுமார் 100 பிரேக்குகள்; பொருத்தியது சுமார் 18 லாரிகளில்; பதிவேடு வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். 2000 மே மாதம் வழக்கு. மார்க் 2 மீறுகிறது என்று தீர்ப்பு வந்தது. வழக்கு நடக்கும்போதே ஹால்டெக்ஸ் மாற்றியமைத்த மார்க் 3ஐ முன்வைத்து இது மீறவில்லை என்று அறிவிக்கச் சொன்னது. அதுவும் மீறுகிறது என்று 2001இல் நீதிமன்றம் சொன்னது. கோரிக்கையின் ஒவ்வொரு உறுப்பையும் வரிசையாக வைத்து, குறைந்தது ஒன்றையாவது உண்மையிலேயே இல்லாமல் ஆக்கிவிட்டோமா என்று பார்க்காமல் செய்யும் மாற்றம் இப்படித்தான் முடியும்.

விற்பனை நடக்காததால் இழப்பீடு இல்லை. சண்டை வேண்டுமென்றே மீறினார்களா என்பதில் திரும்பியது. ஹால்டெக்ஸ் வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டதாகச் சொல்லியும், அந்த ஆலோசனையைக் காட்ட மறுத்தது. காட்டாததால் அது பாதகமானதாகத்தான் இருக்கும் என்று அனுமானித்தது கீழ் நீதிமன்றம். 2004 செப்டம்பர் 13 அன்று ஃபெடரல் சர்க்யூட்டின் முழு அமர்வு அந்த அனுமானத்தை நீக்கியது: வழக்கறிஞரோடு பேசிய ரகசியத்தைக் காத்ததற்காகவோ, ஆலோசனையே கேட்காததற்காகவோ ஒருவருக்கு எதிராக அனுமானிக்கக் கூடாது. ஆனால் காப்புரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்பது இன்றும் எடைபோடப்படுகிறது. இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் வந்த தேதியும் அதன் பிறகு பொறியாளர்கள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களும் கோப்பில் தங்கிவிடும்.

இழப்பீட்டுக் கணக்கில் ஒரு ஷிம் எவ்வளவு மதிப்பு என்பது கசப்பான கேள்வி. காரின் விலையில் பங்கு கேட்க முடியாது. 1884இல் துடைப்பான் தலையைப் பற்றிய காரெட்சன் வழக்கிலிருந்தே, புதிய அம்சம் சேர்த்த மதிப்பை மட்டும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. உத்தரவாதக் காலத்தில் சத்தப் புகாருக்காகத் திரும்பிவந்த வாகனங்களுக்கு ஆன செலவு இந்தக் கணக்குக்கு நல்ல ஆதாரம். ஷிம்மின் விலை சிறியது. அது மிச்சப்படுத்திய செலவு சிறியதல்ல. மாற்று உதிரிபாகச் சந்தையில் இன்னொரு நுணுக்கம்: காலிப்பர் அமைப்புக்குக் காப்புரிமை இருந்தாலும், தேய்ந்த பேடை வாகனக்காரர் மாற்றுவது பழுதுபார்ப்பே என்று 1961இன் ஆரோ வழக்கைக் கொண்டு சொல்லலாம். பேடுக்கே தனிக் காப்புரிமை இருந்தால் அந்த வாதம் நிற்காது. பேடையும் ஷிம்மையும் காலிப்பரையும் தனித்தனிக் கோரிக்கைகளாக எழுதுவது இதற்காகத்தான்.

இந்தியாவில் காப்புரிமை வழங்குமுன் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வழங்கியதாக வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் அக்கறையுள்ள எவரும் எதிர்க்கலாம். 64ஆம் பிரிவின் கீழ் ரத்து கேட்கலாம். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால் ரத்து மனுக்கள் உயர் நீதிமன்றங்களுக்கே போகின்றன. வாகனத் தொழிலின் பெரிய காப்புரிமைச் சண்டை ஒன்று நடந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான்: 195904 எண் காப்புரிமையை வைத்து, இரண்டு ஸ்பார்க் பிளக் எஞ்சின் தொடர்பாக பஜாஜும் டிவிஎஸ்ஸும் மோதியது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்குத் தடை விதித்தார்; 2009 மே மாதம் இரு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது; 2009 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், விற்ற கணக்கைச் சரியாக வைத்திருக்க வேண்டும், இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து விரைவில் முடிக்க வேண்டும் என்றது. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஒரு கார் மாடலின் பேடும் ஷிம்மும் அதற்குள் இரண்டு மூன்று முறை மாறிவிடும். இடைக்காலத் தடைக்கான மனுவில் எவ்வளவு உழைப்பைப் போடுகிறார்களோ, வழக்கின் எஞ்சிய வாழ்வும் பெரும்பாலும் அவ்வளவே.